பஞ்சு மூட்டைக்காரன்

புதன்தோறும் மலையேறுகிறேன்.
ஏறும்போது சூரிச் வியாபாரியின் பஞ்சு,
இறங்கும்போது நூல்.
எடை குறைந்தால் என் கூலியில் பிடிப்பார்கள்.

ஃபிஷன்டாலுக்கு மேலே வயல் என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஓட்ஸ்கூட முளைக்கலாமா என்று யோசிக்கும் சரிவு.
இருந்தும் வீட்டுக்கு வீடு புதுக் கூரை,
கூரைக்குக் கீழே ராட்டை.

ரெகுலா கேகி பதினைந்து வயதிலிருந்து
அப்பனுக்கு வாரக் கணக்கு தீர்த்தாள்,
சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இத்தனை சிட்டம் நூல் என்று.
மிஞ்சியது அவளுடையது.
மிஞ்சியதில் முதலில் ஒரு சிவப்பு ரிப்பன்,
ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் காப்பிக்கொட்டை,
அப்புறம் ஒரு சொந்த ராட்டை.
ராட்டை வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.
அப்பனுக்கும்தான்.
அன்றிலிருந்து அவர் மகளைப் பார்க்கவில்லை,
என் தராசையே பார்த்தார்.

மாப்பிள்ளை ஸலோமோன். நெசவு. வயது இருபது.
உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாதிரியார் கேட்டார்.
"கை நாலு."
கட்டில்?
"கடனில்."
பேரேட்டில் பேர் எழுதுகையில்
பேனா காகிதத்தைக் கிழித்ததாகப் பேச்சு.

கீழே, எங்கள் கோதுமை ஊரில்,
கல்யாணம் ஒரு சாவுக்குப் பின்னால் வரும்.
அப்பா கண்மூட வேண்டும்,
அண்ணன் நிலத்தில் கால்வைக்க வேண்டும்,
என் பங்கைக் காசாக எண்ணித் தர
அவனுக்கு மனசு வர வேண்டும்.
எனக்கு முப்பத்தாறு.
அப்பா திடமாக இருக்கிறார், கடவுள் புண்ணியம்.

போன குளிர்காலம் நூல் விலை பாதியாய் விழுந்தது.
பிச்சைக்காரக் கல்யாணம், பார்த்தாயா, என்றான் அண்ணன்,
வெண்ணெயைத் தடவிக்கொண்டே.

இன்று ரெகுலாவின் அடுப்பில் உருளைக்கிழங்குத் தோல் வேகிறது.
தொட்டிலில் மூன்றாவது.
மூத்தவள், நாலு வயது,
பஞ்சில் தூசு பொறுக்குகிறாள், நாக்கைக் கடித்தபடி.
எங்கள் ஊர்க் கணக்கில்
இவள் இன்னும் பிறந்திருக்கவே மாட்டாள்.

சிட்டத்தைத் தராசில் வைத்தாள் ரெகுலா.
தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறாள்.
விரலுக்குத் தெரிந்தது.
சூரிச் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும்.
முழு எடை என்று குறித்துக்கொண்டேன்.

கிளம்புமுன் கேட்டேன்:
பழைய ராட்டை ஒன்று விலைக்குக் கிடைக்குமா?

யாருக்கு என்றாள்.

மூட்டையின் வாரை மாட்ட
இவ்வளவு நேரம்
எனக்கு எப்போதும் ஆனதில்லை.