சாணம் வகையில்

மார்ச் முப்பது. கணக்கு முடிக்க வேண்டும்.
அருமனைக்கு மேலே ரப்பர் தளிர்விட்டு நிற்கிறது,
பால் பிரிக்கும் மிஷின் ஒரு மாதமாகச் சும்மா.
வில்பிரட் முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்:
"லில்லிபாய், லாபமா?"

ஆறு வருடம் முன்பு இந்த வேளையில்
பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும்.
எங்கள் கழிவுக்குளத்து நாற்றம்
தூபத்தையும் தாண்டி வருகிறதென்று
பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பெயர் சொல்லவில்லை,
எல்லோரும் முதலாளியின் பெஞ்சைப் பார்த்தார்கள்.
வாரியத்து அதிகாரி கரண்டைத் துண்டித்தார்.
ஹாம்பர்க்கில் கையுறை செய்கிறவன்
நாற்பத்தோரு கேள்வி அனுப்பினான்.
பதினேழாவது: உங்கள் அம்மோனியா எங்கே போகிறது?

ரசலையன் கிணற்றுக்கு.
அதற்குக் கட்டம் இல்லை.
'பொருந்தாது' என்பதில் டிக் அடித்தேன்.
அந்தக் கை இதுதான்.

ரசலையன் ஒரு புட்டியில் தண்ணீர் கொண்டுவந்து
மேஜையில் வைத்து, "ஒரு வாய் குடியும் பிள்ளே" என்றான்.
நான் குடிக்கவில்லை.
அவன் குழித்துறை கோர்ட்டுக்குப் போனான்.

பிறகுதான் அந்தத் தொட்டி.
கருப்புப் பாய் போர்த்திய வயிறு,
வங்கிக் கடனில் ஊதியது.
கழிவைத் தின்று வாயுவாக ஏப்பம் விடும்,
அதில் உலர்த்தும் அடுப்பு எரியும்.
முதல் வருடம் நஷ்டம்.
இரண்டாம் வருடம் முதலாளி தொட்டியைப் பார்த்துச் சொன்னதைப்
பேரேட்டில் எழுத முடியாது.
மூன்றாம் வருடம் விறகு வகையில் பூஜ்யம் விழுந்தது.
கூட்டலை மறுபடி போட்டுப் பார்த்தேன்.
ஹாம்பர்க்கான் கிலோவுக்கு நாலு ரூபாய் கூடத் தந்தான்,
மறுவருடம் சொல்லாமல் குறைத்தான்.

சிக்கல் மாசியும் பங்குனியும்.
மரம் இலை உதிர்க்கும், பால் வற்றும்,
தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் பட்டினி கிடக்கும்.
சாணம் போட்டு உயிர் பிடிக்க வேண்டும்.
இந்தச் சுற்றுவட்டாரத்தில் எட்டு மாடு உள்ளவன்
ரசலையன் ஒருத்தன்.

பேரேட்டில் இப்போது அவனுக்கு இரண்டு பக்கம்:
வழக்குச் செலவு, வாதி ரசலையன்.
சாணம் வகையில், ரசலையன்.
வாய்தா நாளில் மட்டும் லோடு வராது.
கிணறு தெளிந்துவிட்டது என்கிறார் முதலாளி.
மாடு குடிக்கிறது, நான் மாட்டேன் என்கிறான் அவன்.

லாபம்தான், சொல்லிவிடலாம்.
ஆனால் பதினேழாவது கேள்வி இந்த வருடமும் வந்திருக்கிறது,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே டெம்போ சத்தம்.
"பிள்ளே, இருவது கூடை இருக்கு.
நின்னு எண்ணிக்கிடும்.
பொறவு குறஞ்சுதுன்னு கோர்ட்டில சொல்லப்பிடாது."