போகாததற்கு

கட்டணம் மாறிய சேதி
ஜுபைல் கேம்ப் பஸ்ஸில்தான் வந்தது.
முன்னிருக்கைக்காரன் போனைப் பின்னால் கொடுத்தான்.
கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது
திரை அணைந்திருந்தது.
ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது:
போய்த் திரும்ப ஒற்றைத் தொகை இனி இல்லை,
மாதக் கணக்கு.
ஊரில் நம் வீட்டில் நாம் இருப்பதற்கு
இங்கே வாடகை.

சட்டப்படி அதை யார் கட்டணும் என்று
பிலவேந்திரன் கேட்டான்.
பஸ்ஸே சிரித்தது. தமிழ் தெரியாத
நேபாளி டிரைவரும் சிரித்தான்.

அன்றிரவே சீட்டுப் போட்டோம்.
ஆறு கட்டில், ஆறு பேர், கணக்கு நோட்டு என்னிடம்.
பெயர் விழுந்தவன் போவான்.
குக்கருக்குள் குலுக்கி எடுத்த முதல் துண்டு
தவசிலிங்கம்.
இரண்டே முக்கால் வருஷம் ஊர் போகாதவன்
எழுந்து நின்றான்,
என்ன செய்வதென்று தெரியாமல்
ஏசியை இரண்டு புள்ளி குறைத்தான்.

விசா புதன்கிழமை வந்தது, அறுபது நாள்.
வியாழக்கிழமை அட்டைப்பெட்டி.
சோப்பு, பால்பவுடர், பாதாம், பன்னிரண்டு கோடாலித் தைலம்,
செவ்வந்தி பெயர் சொல்லிக் கேட்ட
மாதுளை நிற நகப்பூச்சு ஒன்று.
கயிறு கட்டி, நான்கு பக்கமும் பெயர் எழுதி,
தொங்கு தராசில் மாட்டினால் கால் கிலோ கூடுதல்.
தைலத்தில் நாலை வெளியே எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை ஷட்டவுன் அறிவித்தார்கள்.
பிளான்ட் நிற்கிறது, ஆகவே
நாங்கள் நிற்கக் கூடாது.
லீவு எவனுக்கும் இல்லை.
பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில்.

விசாவுக்கு இதெல்லாம் தெரியாது.
அது எண்ணத் தொடங்கிவிட்டது.

காகிதத்தின்படி தவசி நாட்டைவிட்டுப் போகலாம்.
தவசி முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.
"இன்னிக்கு எத்தனாவது நாள்டா?" என்பார் சீனி அபூபக்கர்.
"ஒம்பது. மாமனார் வீட்ல விருந்து."
இருபத்து மூன்றாம் நாள்
கட்டிலில் கிடந்தபடியே திருச்செந்தூர் போய்வந்தான்.
அன்றைக்கு அவனுக்கு மட்டும்
மீன்குழம்பு வைக்கவில்லை.

முப்பதாம் நாள் பெட்டிக் கயிறு அவிழ்ந்தது.
முதலில் சோப்பு, ஒன்றே ஒன்று.
பிறகு எனக்குச் சளி பிடித்தது, தைலம்.
பால்பவுடர் டீயாயிற்று.
பாதாமைத் தின்றவன் யாரென்று எனக்குத் தெரியும்,
நோட்டில் எழுதவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் ஆபீசில் சொன்னார்கள்:
போகாத விசாவை ரத்து செய்யணும்,
செய்யாவிட்டால் அபராதம்.
கட்டின பணம்?
அது வராது.
ரத்து செய்ய மந்தூப் வேண்டும்,
பாஸ்வேர்டு அவன் போனில் இருக்கிறது.
மந்தூப் லீவில் போயிருந்தான்.

அறுபத்தொன்றாம் நாள்
நோட்டில் 'போனதற்கு' என்ற பத்தியின் பக்கத்தில்
ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு கிழித்து
'போகாததற்கு' என்று தலைப்புப் போட்டேன்.
கோடு கொஞ்சம் கோணல்.

கடைசி வாரம், யூனிட் நான்கு.
முறுக்கி முடித்த போல்ட்டில் அடையாளம் வைத்தால்தான்
இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார்.
மார்க்கர் தீர்ந்திருந்தது.
நாளைக்கு வா என்றது ஸ்டோர்.
தவசி கவரால் பைக்குள் கைவிட்டான்.
குட்டித் தூரிகை, முப்பத்திரண்டு போல்ட்.
குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாய்
ஊதி ஊதிக் காயவைத்தான்.
அவனை அவசரப்படுத்த
ஃபோர்மேனுக்கே வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
இது என்ன கலர்?
"மாதுளை சார்."
கையெழுத்து விழுந்தது.

அன்றிரவு போனில் செவ்வந்தி
நகப்பூச்சு பத்திரமா என்று கேட்டாள்.
"இருக்கு" என்றான்.
எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அந்நேரம் யூனிட் நான்கில்
அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சொட்டு ஒழுகவில்லை.