மூன்றாம் அறைக் கதவின் உட்பக்கம்

முதலாளி பத்து வரி போதும் என்றார்.
சிங்களத்திலும் இங்கிலீசிலும் ஏற்கெனவே ஒட்டியாயிற்று.
இது, திருச்சியில் இருந்தோ டொரன்டோவில் இருந்தோ
அப்புத்தளைக்கு வந்து
தமிழில் வாசிக்கிறவர்களுக்கு.

சுடுதண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை.
சிவப்புத் திருகைத் திறந்து நூறு எண்ணுங்கள்.
நூற்றிருபதிலும் குளிர்ந்தால்
குழாயைத் திட்டாமல் என்னைக் கூப்பிடுங்கள்.
பெயர் தவசீலன். குசினிக்குப் பின்னால் இருப்பேன்.

பாண் என்றால் பிரெட்.
திரீவீல் என்றால் ஆட்டோ. ஏறுமுன் விலை பேசுங்கள்,
பேசியபின் சந்தேகப்படாமல் ஏறுங்கள்.
பஸ்ஸில் முன் சீட்டு ஆமத்துருமாருக்கு;
ஆளில்லாமல் கிடந்தாலும் அது காலி இல்லை.
புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது.
போயா அன்று சாராயம் விற்கமாட்டார்கள்.
விற்கும் இடம் தெரியும் என்று வருகிறவனோடு
தயவுசெய்து போகாதீர்கள்.

பதுளை ரயில் வரவேண்டிய நேரம்
ஸ்டேசன் பலகையில் இருக்கிறது.
வரும் நேரம் ரயிலுக்குத்தான் தெரியும்.
கதவில் தொங்கிப் படம் எடுக்க ஆசை வரும்.
சுரங்கத்துக்கு உங்கள் ஆசை தெரியாது.

அட்டைக்கு உப்பு. சவர்க்காரமும் சரி.
இழுத்துப் பிய்க்காதீர்கள்.
குடித்து முடித்துத் தானாய் விழுகிற அட்டையை
இந்த மலையில் நாங்கள்
நல்ல அட்டை என்போம்.

கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.
கேட்டால் சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்பு முடிய ஒன்றரை நிமிசம்.
ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ வேண்டும்,
பதினேழரை என்றால் அரைப்பேர்,
நிமிசக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
மூன்றாம் நிரையில் நிற்கும் இடக்கைக்காரி
என் தங்கை யோகமலர்.
ஜெர்மனியில் யாரோ அச்சடித்த காலண்டரில்
அவள்தான் ஆகஸ்ட் மாதம்.
ஒருவர் கொண்டுவந்து காட்டினார், கொடுக்கவில்லை.
நாலரைக்கு, நிறுவை முடிந்தபின் வாருங்கள்.
முகம் கழுவியிருப்பாள். அவளே நின்று கொடுப்பாள்.

இனி, வழி.
அருவிக்கு உங்கள் போன் ஒரு குறுக்குப் பாதை காட்டும்.
சாம்பல் கோடு, இருபத்திரண்டு நிமிசம்.
அதில் போகாதீர்கள். மெயின் ரோட்டால் போங்கள்,
ஒன்றே கால் மணித்தியாலம், பரவாயில்லை.
கோட்டின் நடுவே
பெட்டி பெட்டியாய் ஆறு சதுரம் தெரியும்.
அது லயம்.
இரண்டு வருசத்துக்கு முன், ஐப்பசியில்,
விடியக்காலை மூன்று மணிக்கு
மேலே இருந்த மலை அதற்குள் வந்துவிட்டது.
மேலிருந்து நாலாவது சதுரம் புஸ்பநாதன்.
என் கிரிக்கெட் மட்டை அவனிடம் இருந்தது.

'பிழையைத் தெரிவி' என்று போனில் ஒரு பொத்தான் உண்டு.
மூன்று தடவை அமுக்கினேன்.
மூன்று தடவையும் நன்றி சொன்னார்கள்.
நாலாவது தடவை விரலைக் கொண்டுபோய்
எடுத்துவிட்டேன்.
எழுத்தில் வேறெங்கும் அந்த வீடு இல்லை.
சதுரம் இருக்கட்டும்.
நீங்கள் மட்டும் அந்தப் பாதையில் போகாதீர்கள்.

அறையை விடும் நேரம் பதினொரு மணி.
சாவியைப் பூச்சாடிக்குள் போடவேண்டாம்,
போன மாதம் நாய் தூக்கிக்கொண்டு போனது.
ஆம்புலன்ஸ் 1990. காசு கேட்கமாட்டார்கள்.

மழை விடாமல் பெய்கிற இரவில்
நான் நித்திரை கொள்வதில்லை.
வெளியே டோர்ச் வெளிச்சம் மேட்டைப் பார்த்து அசைந்தால்
அது நான்தான், திருடன் இல்லை.
கதவைத் தட்டினால்
பெட்டியைத் தேடாதீர்கள், செருப்பையும் தேடாதீர்கள்.
ஏன் என்று
வெளியே வந்து கேளுங்கள்.