கொல்லம் ஆண்டு 1079

புட்டும் கடலையும் தின்று
புனலூரில் மெல்ல நடந்தோம்.
"பூட்டன் எங்கே போயிடப் போறார்,
இன்னொரு டீ குடி" என்றாள் அக்கா.

தாலுகா ஆபீஸில் லதிகா
கட்டை அவிழ்த்துத் தும்மினார்.
1079 என்றார்.
"சோழர் காலமா?" கவின் கேட்டான்.
கொல்லம் ஆண்டாம்,
எண்ணூற்று இருபத்தைந்து கூட்டணுமாம்.

ரயிலுக்குக் கொடி காட்டினவர் என்றுதான்
அப்பா சொல்லுவார்,
ஒவ்வொரு கல்யாண வீட்டிலும்.

லதிகாவின் விரல்
மலையாள வரியில் ஊர்ந்து நின்றது:
செங்கோட்டை மாடக்கண்ணு,
பாதை வேலை நடக்கும் இடத்தில்
அனுமதியின்றிக் கள் விற்ற வகையில்
பிழ ஆறு பணம்.

பிழையா?
இல்லை, பிழ. அபராதம்.

அக்கா சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார்.
போட்டோ எடுத்தாள்.
அப்பாவுக்கு அனுப்பவில்லை.

கழுதுருட்டியில் இறங்கி
பதிமூன்று கண் பாலத்தடியில்
பலாச்சுளை தின்றோம்.
கவின் எண்ணினான், பன்னிரண்டு வந்தது.
மறுபடி எண்ணினான்.
அத்தனை உயரத்துக்குக் கல் சுமந்தவர்களுக்குச்
சாயங்காலம் தாகம் எடுத்திருக்கும்தானே.

மேலே ரயில் போனது.
கை காட்டினோம்.

ஆறு பணத்தைக் கட்டினாரா என்று
அந்தப் பக்கத்தில் இல்லை.
அடுத்த பக்கம் கறையான் தின்றது.