அட்வான்ஸ் ஐந்நூறு

"அண்ணே, ஆடி மூணாம் வெள்ளி ஃப்ரீயா?"
கேட்டால் ஃப்ரீதான்.
போனில் ஐந்நூறு வந்து விழுந்தது.
மீதி மேடையை விட்டு இறங்கியதும் என்றான் செண்பகதுரை.
மேடையை விட்டு இறங்கியதும் என்பது
எங்கள் தொழிலில்
தை மாதத்தில்கூட வரும்.

என் ஸ்கூட்டரில் மூன்று பேர்:
நான், சிம்பல் பை, ஸ்னேர்.
பெரிய டிரம் ஆம்னியில்
கீபோர்டுக்காரரின் மடியில் வரும்.
வள்ளியூர் தாண்டினால் காற்றாலைகள்.
ஆடிக் காற்றுக்கு வெறிபிடித்துச் சுற்றும்
மூன்று மூன்று இறக்கைகள்.
அவற்றை நான்காக எண்ணிக்கொண்டே போனேன்,
பணகுடி வரை சரியாக வரவில்லை.

டீக்கடையில் வில்லுப்பாட்டுக் கோஷ்டி.
குடம் அடிக்கிறவர் கேட்டார்,
"உமக்கு எவ்வளவுவே?"
"மூணு. உமக்கு?"
"எனக்கும் மூணுதான்."
இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம்.
டீக்கு அவர் கொடுத்தார்.

மேடையில் லேப்டாப் திறந்திருந்தது.
"எல்லாப் பாட்டுக்கும் ட்ராக் இருக்குண்ணே,
டிரம்ஸும் அதுலயே வந்திரும்.
நீங்க மேலாக்க தட்டுனா போதும்.
கைய மட்டும் நல்லாத் தூக்குங்க."

கையை நல்லாத் தூக்கினேன்.
என்னை விட நன்றாக வாசிக்கிற ஒருவன்
ஸ்பீக்கருக்குள் இருந்தான்.
அவனுக்கு முழங்கை வலி கிடையாது,
இரண்டு மாத வாடகை பாக்கி கிடையாது.
அவன் உருட்டுகிற இடம் தெரியாமல்
என் கை பின்னாலேயே போய் ஆமாம் போட்டது.
முன்வரிசையில் ஒரு பொடியன்
ஸ்பீக்கரையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
அவனைப் பார்க்காமல் வாசித்தேன்.

ஐந்தாவது பாட்டில் ஜெனரேட்டர் நின்றது.

பாட்டு போயிற்று. பாஸ் போயிற்று.
சீரியல் பல்பில் எழுதியிருந்த அம்மன் போனாள்.
என் கை நிற்கவில்லை.
இருட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தவர்களும் நிற்கவில்லை,
ஒரே விசில்.
"அடிங்கண்ணே!"
அடித்தேன். தோல் நிஜமாகவே சத்தம் போட்டது.
ஒன்றரை நிமிடம் இருக்கும்,
மேடையில் நான் மட்டும்தான்.

பிறகு கேட்டது எனக்கு:
ஓடுது.
பஸ்ஸைக் கண்டுவிட்டவன் மாதிரி
ஒவ்வொரு அடியும்
அடுத்ததின் இடத்தில் போய் உட்காருது.
யாருக்கும் தெரியவில்லை.
தெரிந்தவனுக்கு இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

வெளிச்சம் வந்தது.
லேப்டாப்பில் பேட்டரி உண்டு.
அது சத்தமில்லாமல் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது.
பாட்டு இரண்டாம் சரணத்தில்
இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.
நான்தான் எங்கேயோ இருந்தேன்.
மறுபடி கையைத் தூக்கினேன்.

காலை ஏழு மணி. சமாதானபுரம்.
முட்டை அட்டை ஒட்டிய மாடி அறை.
குற்றாலலிங்கம் சார், மின்வாரியம், வயது ஐம்பத்துமூன்று.
மகளைச் சேர்க்க வந்தார்.
மகள் மூன்றாம் வாரம் நின்றுவிட்டாள்,
இவர் நிற்கவில்லை.
ஒரு வருடமாக ஒரே பீட்.
கண்ணை மூடி வாசித்துவிட்டு,
"ஓடுதோ?" என்றார்.

"ஓடுது."
வழக்கமாக அடுத்து ஒரு அறிவுரை சொல்வேன்.
இன்று பணகுடியில் கரண்டு போன கதையைச் சொன்னேன்.
ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார் பதறி.
"அது எங்க லைன் இல்ல சார்,
உங்க ஜெனரேட்டரு."

மெட்ரோனோமை நாற்பதில் வைத்தேன்.
அவருக்கு ஒரு பேடு, எனக்கு ஒரு பேடு.
டக்.
காத்திருந்தோம்.
கீழ்வீட்டு மிக்ஸி அந்த இடைவெளிக்குள்
புகுந்து வெளியே போனது.
டக்.
நான் சற்று முந்திவிட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த மாதத்து ஃபீஸ் எண்ணூறை
ஸ்னேரின் மேல் வைத்தார்.