மதிப்பூதியம்

மேட்டூரில் மதகு தூக்கினால்
பாமணியாற்றுக் கடைமடைக்குத் தண்ணீர் வர
பதினாறு நாள் ஆகும், சில வருஷம் இருபது.
கோட்டையில் ஒரு கையெழுத்து விழுந்தால்
எங்களுக்கு வந்துசேர எத்தனை நாள் என்று
கேட்கத்தான் திருவாரூர் போனோம்.

கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.
போன தையில்
அரசாங்க வளைகாப்பு இதே மண்டபத்தில்தான்.
எழுபது கர்ப்பிணிகள்; கலவை சாதம், சந்தனம், கண்ணாடி வளையல்.
தட்டு சுமந்தவர்கள் நாங்கள்.
சமையல்கட்டுக்கு எந்தப் பக்கம் வழி,
எந்தக் குழாயில் தண்ணீர் வராது,
எல்லாம் தெரியும்.
கைதாகி உட்கார்ந்திருப்பது மட்டும்தான் புதுசு.

ஒரு பெண் போலீஸ் எழுதிக்கொண்டே வந்தாள்.
பெயர், ஊர், தொழில்.
டீச்சர் என்றாள் தையல்நாயகி.
பேனா நின்றது.
‘அங்கன்வாடிக்கு டீச்சர்னு போட முடியாதுக்கா.
பணியாளர்னு போடறேன்.’
போட்டுக்க.
பதினெட்டு வருஷமாக எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.
வாங்குவதற்கும் சம்பளம் என்று பேரில்லை,
மதிப்பூதியம்.
என் மையத்து உதவியாளர் ஜெகபர் நாச்சியா
அதைச் சத்துமாவு உருண்டை மாதிரிப் பிட்டுக் காட்டுவாள்:
இந்தப் பாதி மதிப்பு, இந்தப் பாதி ஊதியம்,
ரெண்டில் எதைத் தின்றாலும் பசி போகாது.
சிலிண்டர் தீர்ந்த நாளில் அவள் வீட்டு விறகு வேகும்.
வாக்காளர் பட்டியலும் எங்கள் கையில்தான்.
செத்தவர் பெயரை அடிப்பதும்
பிறந்ததின் எடையை எழுதுவதும்
ஒரே பேனா.

மணி பன்னிரண்டரை.
யாரும் சொல்லவில்லை,
நூற்றுச் சொச்சம் பேரும் குழாயடிக்கு எழுந்தோம்.
அந்த நேரத்துக்குக் கழுவிவிட்டே பழகிய கைகள்,
கழுவிவிடச் சின்ன விரல்கள் இல்லாமல்
தண்ணீரில் சும்மா நனைந்தன.

புளிசாதப் பொட்டலம் வந்தது.
யாருக்கும் ஊட்டாமல்,
சிந்தியதைத் துடைக்காமல்,
பாதியில் ‘டீச்சர், ஆய்’ கேட்காமல்
ஆற அமர ஒரு சாப்பாடு.
சகிக்கல என்றாள் நாச்சியா.
சாதத்தைச் சொன்னாளா, தெரியவில்லை.

பேர் எழுதினவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.
வெளியே வேனில் மூன்று வயசுக் குழந்தை.
‘இன்னிக்கு நீங்க பூட்டிட்டு வந்துட்டீங்க,
நான் எங்கக்கா விடுறது?
இன்ஸ்பெக்டர் பாத்தா கிழிச்சிடுவாரு.’
சொல்லி முடிப்பதற்குள்
இதழினி இறங்கி ஓடி வந்து
விளமல் மையத்து ரெஜினா மடியில் உட்கார்ந்துவிட்டது.

தொப்பியைக் கழற்றிய பிறகுதான்
ரெஜினாவுக்கும் அடையாளம் தெரிந்தது:
போன வாரம் இந்த அம்மாவின் முகத்துக்கு நேரேதான்
செல்போனைப் பிடித்து
சிமிட்டுங்க, இன்னொரு தடவை சிமிட்டுங்க என்று
முக்கால் மணி நேரம் நின்றாள்.
முகம் பொருந்தவில்லை என்றே சொன்னது ஆப்.
மாவு கொடுக்காமல் அனுப்ப மனசில்லை.
கொடுத்தாள். கணக்கு இடித்தது. மெமோ வந்தது.

குழந்தைக்கு டவர் வேண்டியிருக்கவில்லை.
கையை நீட்டியது.
முட்டை.
புதன்கிழமை அல்லவா.

நூறு பெண்களும் பையைத் துழாவினோம்.
மனு நகல், பிரஷர் மாத்திரை, பஸ் டிக்கெட்,
யாரோ ஒருத்தியிடம் பாதி மிக்சர்.
முட்டை இல்லை.
பெண் போலீஸ் குனிந்து
தொழில் என்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அடிக்கவில்லை, மாற்றவில்லை.
பார்த்தாள்.

ஆறு மணிக்கு விட்டார்கள்.
பேச்சுவார்த்தை அடுத்த மாதமாம்.
பஸ்ஸில் நாச்சியா விரல்விட்டுக்கொண்டு வந்தாள்:
‘ஒரு நாள் பிடிப்பாங்க, ஊதியத்துல.
மதிப்புலயும் பிடிப்பாங்களா டீச்சர்?’
சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

நாளைக்கு எட்டே முக்காலுக்குத் திறக்க வேண்டும்.
இன்றைய முட்டை பதினேழு அப்படியே இருக்கும்.
மேட்டூர் திறந்து ஒன்பது நாள்.
பாலத்தில் பஸ் ஏறியபோது
ரெண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.
ஆற்று மணலில் ஒரு நாய்
நட்ட நடுவில் படுத்துத்
தூங்கிக்கொண்டிருந்தது.