பால்பல்

என் நோட்டில் நான் நேரம் எழுதுவதில்லை.
ஏழாம் வகுப்பு பி பிரிவு, முப்பத்தெட்டுப் பெயர்கள்.
பெயருக்கு எதிரே:
கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கிறான்.
இடக்கையால் எறிய வரவில்லை.
பின்னால் நடக்கச் சொன்னால் சிரிக்கிறாள், ஆனாலும் நடக்கிறாள்.
விழத் தெரியும்.
விழத் தெரியாது.
ஆய்வுக்கு வந்த அதிகாரி
இந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

காவேரிப்பட்டணத்துக்கு மேற்கே பள்ளி.
மைதானத்தில் சரளை பாதி, நெருஞ்சி பாதி.
ஜூன் முழுக்க மாங்கூழ் ஆலையின் புளித்த காற்று.
வாரத்துக்கு இரண்டு பீரியட்.
ஒன்றைக் கணக்கு சார் கடன் வாங்குவார்.
திருப்பித் தந்ததாகக் கணக்கில் இல்லை.

பர்ணிகாவுக்குப் பன்னிரண்டு வயது.
விடியற்காலை நாலரைக்கு சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறாள்.
பின்னாலேயே திம்மராயன், அவள் அப்பா.
பைக் விளக்கு அவள் நிழலைத் தூக்கி
முன்னால் எறிகிறது,
பிடிக்கவே முடியாத தூரத்துக்கு.
ஆறு கிலோமீட்டர் தார். ஞாயிறும் உண்டு.
அறுநூறு மீட்டரில் வட்டார முதலிடம்.
பந்தை எறிந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.
வலது முட்டிக்குக் கீழே
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு புடைப்பு.
தொட்டால் உதட்டைக் கடிக்கிறாள்.
வளர்ற எலும்பு, கொஞ்ச நாள் ஓட்டத்தைக் குறைங்க
என்றார்களாம் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்.
அவர் குறைத்தது நேரத்தை,
நாலு செகண்ட்.

எனக்குப் பதின்மூன்றில் ஒன்பது கோப்பைகள்.
பத்தொன்பதில்
இந்தியன் கழிப்பறையில் உட்கார முடியாத முட்டி.
இதை யாரிடமும் சொல்வதில்லை.
கோப்பைகளைத்தான் கேட்கிறார்கள்.

தை பிறந்து எருது விடும் விழாவுக்கு
ஊரே கொம்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது
அவர் வீட்டுக்குப் போனேன்.
கொட்டகையில் ஒரு செவலைக் கன்று.
கயிற்றைச் சுண்டியது, துள்ளியது,
நின்ற இடத்திலேயே நாலு திசைக்கும் ஓடியது.
"இதையும் இந்த வருஷம் விடுறீங்களா?"
"அய்யோ, இல்ல டீச்சர்.
இன்னும் பால்பல்லே விழல.
இப்ப ஓட விட்டா காலு கெட்டுடும்.
கொல்லையில சும்மா திரியட்டும்,
மேடு ஏறி, பள்ளம் இறங்கி,
தானா உரமாகட்டும்."

நான் எதுவும் சொல்லவில்லை.
வாசலில் பர்ணிகா
படியில் ஒவ்வொரு காலாய் இறங்கிக்கொண்டிருந்தாள்,
கைப்பிடிச் சுவரைப் பிடித்து.
அவரும் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார்.
"மாடு வேற டீச்சர்.
இந்தத் தை இல்லன்னா அடுத்த தை.
இவளுக்குப் பதினாலு முடிஞ்சா
அந்தப் போட்டி முடிஞ்சுது.
சர்டிபிகேட்ல பொறந்த தேதிதான கேக்கறாங்க,
பல்லையா பார்க்கறாங்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
வரும் வழியெல்லாம் தேடினேன்.
பஸ் பாலம் தாண்டிவிட்டது,
பதில் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை.
கணக்கு சாருக்குக் காய்ச்சல், இரண்டு பீரியடும் எனக்கு.
பழைய சைக்கிள் டயர், மணல் மூட்டை, கயிறு.
பர்ணிகாவுக்கு ஓட்டம் இல்லை, தாண்டல் இல்லை.
உட்கார்ந்தபடி துணிப்பந்து எறிந்தாள், பிடித்தாள்,
முதல் ஏழும் கீழே.
எட்டாவது நெற்றியில் பட்டது.
ஒன்பதாவதுக்குக் கண் திறந்திருந்தது.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பைக் நின்றது.
இன்ஜினை அணைத்துவிட்டு,
செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து
எதை அளப்பது என்று தெரியாமல்
கையில் வைத்திருந்தார் திம்மராயன்.
"டீச்சர், எந்தப் போட்டிக்கு இது?"
என்றார் சுவருக்கு மேல்.

விசில் என் வாயில் இருந்தது.
பந்து இன்னும் காற்றில் இருந்தது.